அடி தேயாத சப்பாத்து

கௌசி, சுபா,

ஆபரேஷன் செய்த வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். லயத்தில், நம் தோட்டத்து வரிசை வீடுகளில், ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். டாக்டர் காலைக் கெடுத்துவிட்டார் என்கிறார்கள். ஸ்டோர் வேலை கிடைத்ததில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் அதை நம்பி வளரக்கூடாது. சுபா எப்படியும் இதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவாள், அதனால் தெரியாத பிள்ளைகளுக்கும் விளங்கும்படியே எழுதுகிறேன்.

நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடி உயரமாகிவிட்டால், கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதற்குப் பெயர் கவ்வாத்து. மலைச்சரிவில் நின்று வெட்டும்போது பின்னால் வைத்த காலின் விரல்களை மடக்கி மண்ணில் ஊன்றித்தான் நிற்க முடியும். ஒருநாள் மழையில் கால் வழுக்கி, வெட்டின செடியின் அடிக்கட்டையில் என் வலது பெருவிரல் நேராக இடித்தது. வீங்கியது. உங்கள் அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். வீக்கம் போனது. நான் அதை மறந்துவிட்டேன், விரல் மறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வலி வந்தது. பெருவிரல் பாதத்தோடு சேருகிற மூட்டில் வலி. சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. அடி எடுத்து வைத்து, குதிகாலைத் தூக்கும்போது விரல் மடங்குமே, அந்த நேரத்தில் மூட்டுக்குள் உடைந்த போத்தல் கிடப்பது மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, அறுநூற்றுச் சொச்சம் அடி.

தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, "வாதம், மாரிமுத்து. குளிர்ல நிக்காத" என்றார். இந்த மலையில் குளிரில் நிற்காமல் வேறு எங்கே நிற்பது என்று நான் கேட்கவில்லை. வலி மாத்திரை தந்தார். மாத்திரை இருந்த வரைக்கும் வலி ஒதுங்கி நின்றது.

அம்மாதான் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முதல் பஸ்ஸில் போயும் எங்களுக்கு முன்னால் பெஞ்சு முழுக்க ஆள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அடுத்தவர் காலைத்தான் பார்ப்பார்கள். தன்னுடையதைவிட மோசமான கால் ஒன்று கண்ணில் பட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அம்மா மடியில் இருந்த ரொட்டியையும் சம்பலையும் இரண்டு மணி நேரம் பிரிக்கவே இல்லை. இரத்தம் எடுக்க வேண்டி வந்தால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். சாப்பிட வேண்டாம் என்றது எனக்கு. அவளும் சாப்பிடவில்லை.

முதலில் இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் என்று ஒன்று கூடினாலும் பெருவிரல் இப்படி வலிக்குமாம். எனக்கு அது கூடவில்லை. பிறகு எக்ஸ்ரே. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேச்சைப் பிடிக்க நான் காதைக் கொஞ்சம் முன்னால் நீட்ட வேண்டியிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இஞ்ச பாரும். சின்ன விரல்கள்ல எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில ஒரு இடைவெளி தெரியுதோ?"

"தெரியுதுங்க ஐயா."

"பெருவிரல்ல?"

"இல்லைங்களே."

"அதுதான் உம்மட வருத்தம்."

கோழிக்கால் எலும்பின் நுனி வெள்ளையாக, வழவழவென்று இருக்குமே, சுபா முதலில் அதைத்தான் கடிப்பாள். அதற்குக் குருத்தெலும்பு என்று பெயர். இரண்டு எலும்பு ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப் போவதற்கு அதுதான் உதவுகிறது. எனக்கு அது தேய்ந்து போய்விட்டது. எலும்பும் எலும்பும் உரசி, ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்து, மூட்டு இறுகிவிட்டது.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டாக்டர். "ஒண்டு, விரலை மடங்க விடாத சப்பாத்து. மற்றது, வெட்டி, ரெண்டு எலும்பையும் சேர்த்து ஒட்டிறது. முதல்ல சப்பாத்தைப் பாப்பம். மூண்டு மாதம் ஒழுங்காப் போடும். வலி அடங்கினா வெட்டத் தேவையில்லை. போடாட்டி வெட்டத்தான் வேணும். விளங்குதோ?"

விளங்கியது. மூன்று மாதம் சப்பாத்து, இல்லாவிட்டால் கத்தி. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

அந்தச் சப்பாத்தை அங்கேயே, செயற்கைக் கால் செய்கிற பகுதியில் செய்து தந்தார்கள். அம்மா டவுனில் தேடி வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்தின் அடியில், அங்கிருந்த சிங்கள பாஸ், அதாவது சப்பாத்து வேலைக்காரர், இரண்டு காலுக்கும் தடித்த ரப்பர் அடி ஒட்டினார். அந்த அடி தட்டையாக இல்லை. முன்னாலும் பின்னாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். மேசையில் வைத்து முனையைத் தட்டினால் ஆடும். "ஒருவ வகே" என்று சிரித்தார். தோணி மாதிரி என்று அர்த்தம். விரல் மடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே அந்த வளைவு தொடங்கும். குதிகாலில் இறங்கி, அப்படியே உருண்டு, முன்னால் போய்விடலாம். விரல் மடங்க வேண்டிய வேலையைச் சப்பாத்தின் வளைவு செய்துவிடும். அடியும் கெட்டி, இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. இதற்கு ராக்கர் என்று பெயர் என்றார் பாஸ். நான் சரியாகச் சொல்லும் வரைக்கும் விடவில்லை. "ராக்கர். கியன்ன, ராக்கர்." நாலு தடவை சொன்னேன்.

சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு தடவை.

போட்டு நடந்தேன். முதலில் குடித்தவன் மாதிரி தள்ளாடினேன். சின்னச் சின்ன அடியாக வைக்கச் சொன்னார். இறக்கத்தில் முன்னால் தள்ளும், கம்பு ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நிலை தடுமாறுகிற வயதானவர்களுக்கு இதைக் கொடுக்க மாட்டார்களாம். இருபது அடி நடந்து திரும்பியபோது அம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னாங்க, வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு இருபது அடி வலிக்கவில்லை.

டாக்டர் தோட்டத்து ஆபீசுக்கு இங்கிலீசில் ஒரு துண்டு எழுதித் தந்தார். ஆபீசில் பெரிய கிளாக்கர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு அதை வாசித்தார்.

"லைட் டியூட்டி. ரோலர் ஹவுஸ்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடிச்சதுய்யா ஒனக்கு! டாக்டரே ஸ்டோர் வேலை எழுதிக் குடுத்திருக்காரு. யார்யா அந்த டாக்டரு, எனக்கும் ஒரு துண்டு வாங்கித் தாயேன்."

ஸ்டோர் என்றால் நம் தேயிலைப் பெக்டரி. வாடின கொழுந்தை ரோலர் மெஷினில் போட்டுக் கசக்குகிற இடம்தான் ரோலர் வீடு. மழை இல்லை, அட்டை இல்லை, சரிவு இல்லை, கூரைக்குக் கீழே வேலை. மலையில் வெட்டுகிறவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் என்னோடு கவ்வாத்து வெட்டுகிறவர்கள் சுற்றி நின்றார்கள். "ஸ்டோருக்குப் போற தொரைக்கு வழி விடுங்கடா", "சப்பாத்து வேற, இனி நம்ம கூட பேசுவாரா?" என்று கேலி செய்தார்கள். நான் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இனித்தது.

அன்று சாயங்காலம் நடந்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

கௌசி, நீ துண்டை எடுத்து விளக்கடியில் பிடித்து வாசித்தாய். "அப்பா, இது ரோலர் இல்ல. ராக்கர். நடுவுல சி, கே இருக்கு பாருங்க. ஹவுஸும் இல்ல, ஷூஸ். ராக்கர் ஷூஸ்னு எழுதியிருக்கு. சப்பாத்தத்தான் சொல்றாங்க" என்றாய்.

"ஆபீஸ் கிளாக்கரையாவ விட நீ படிச்சிட்டியோ?"

"நான் சொல்லலப்பா, இங்க எழுத்து இருக்கு."

நான் உன் கன்னத்தில் அடித்தேன். துண்டு பறந்து அடுப்போரம் விழுந்தது. அம்மா ஓடி வந்து, "வயசுக்கு வந்த புள்ளைய கை நீட்டுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்தினாள். நீ அழவில்லை. குனிந்து துண்டை எடுத்து, மடித்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாய்.

உனக்குப் பிழையாக வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை நாலு தடவை சொல்லிவிட்டு வந்தவன் நான். நீ வாசித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அடித்தேன்.

ரோலர் வீட்டுக்குப் போன முதல் நாளே வாசலில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நிறுத்தினார். வெளிச் சப்பாத்து, செருப்பு எதுவும் உள்ளே வரக்கூடாது, சுத்தத்துக்குப் பெரிய சட்டம் வந்திருக்கிறது. ஸ்டோர் தருகிற மெல்லிய ரப்பர் செருப்பைத்தான் போட வேண்டும். "கால் வருத்தங்க, டாக்டர் குடுத்த சப்பாத்து" என்றேன். "அப்ப ஆபீசுல சொல்லி எழுதி வாங்கிட்டு வா" என்றார். நியாயமான பேச்சு. ஆபீசுக்குப் போனால் துண்டை மறுபடியும் கேட்பார்கள். மறுபடியும் கேட்டால் மறுபடியும் வாசிப்பார்கள்.

ரோலர் ஓட்டுகிற சிவநேசன் இன்னொன்றும் சொன்னான். "அண்ணே, உள்ளுக்கு ரோதமுனி சாமி இருக்காரு. மெசினுக்கெல்லாம் அவருதான் காவல். சப்பாத்தோட அவரு முன்னால நின்னா விரல் இல்ல, காலே போயிரும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் சப்பாத்தைக் கழற்றி வாசல் தட்டில் வைத்தேன்.

மூன்று மாதமும் அப்படித்தான். லயத்திலிருந்து ஸ்டோர் வாசல் வரைக்கும் சப்பாத்து, அங்கிருந்து எட்டு மணி நேரம் ரப்பர் செருப்பு. சிமெந்துத் தரை. கசக்கின கொழுந்தை வண்டியில் குவித்துத் தள்ள வேண்டும். வண்டி தள்ளும்போது உடம்பு முழுக்கப் பெருவிரலில்தான் ஊன்றும். கவ்வாத்தில்கூட விரல் இத்தனை தடவை மடங்கியிருக்காது. தேத்தண்ணி நேரத்தில் சின்ன வயதுக்காரர்கள் வாசலில் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக் காட்டுவார்கள். மரக்குதிரை என்று அதற்குப் பேர் வைத்தார்கள். பிறகு அந்தப் பேர் எனக்கு வந்தது.

ஒரு மாதத்தில் வலி பழையபடி வந்தது. இரண்டாம் மாதம் அதைவிட அதிகம். நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா உப்புத் தண்ணீர் சுடவைத்து என் காலைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, "சப்பாத்து சரியில்லையோ? அந்த பாஸ்கிட்ட ஒருக்கா காட்டுவோமா?" என்பாள். "பழக நாளாகும்" என்பேன். சப்பாத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் ஊற்றிய வெந்நீரில் காலை வைத்திருந்தேன்.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் காலைப் பார்க்கவில்லை. முதலில் சப்பாத்தைத்தான் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அடி தேயவே இல்லை. என்னப்பா, பெட்டிக்குள்ள வச்சுப் பூசை செய்தனீரோ?"

"போட்டேங்க ஐயா. ஸ்டோருக்குள்ள விடமாட்டாங்க."

"ஸ்டோருக்குள்ள உமக்கு என்ன வேலை?"

"நீங்கதாங்க எழுதிக் குடுத்தீங்க. ரோலர் வீட்டு வேலைன்னு."

துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. நீட்டினேன். வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நர்ஸ் சிங்களத்தில் என்னவென்று கேட்டாள், சொன்னார், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம்பர் கூப்பிடுகிறவன் எட்டிப் பார்த்தான், அவனுக்கும் சொன்னார்கள். அவன் வெளியே போய்ப் பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அங்கேயும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா ஒன்றும் விளங்காமல், டாக்டர் சிரிக்கிறாரே, நல்ல செய்திதான் போலிருக்கிறது என்று அவளும் சிரித்தாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ர எழுத்தும் கோழி கிண்டின மாதிரித்தான். ஆனா கால் உம்மட கால். நோகேக்க தெரியேல்லையோ? வீட்டில இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லைங்க" என்றேன்.

கௌசி, அப்படித்தான் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் தள்ளி உட்கார்ந்தாள்.

புது எக்ஸ்ரேயில் அந்த மூட்டே இல்லாத மாதிரி இருந்தது. வெட்டத்தான் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை, பயத்துக்கு மட்டும் குறைவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். வலி தெரியாது, ஆனால் காது கேட்கும். அதை யாரும் முன்னால் சொல்லவில்லை. தேய்ந்த மிச்சத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, இரண்டு எலும்பையும் சேர்த்து வைத்து, தகடு ஒன்றையும் ஆணிகளையும் போட்டு முடுக்கினார்கள். துளை போடுகிற மெஷின் சத்தம் கேட்டபோது எங்கேயோ ஜன்னல் பூட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மேசை அதிர்ந்தது. துளை என் எலும்பில்தான்.

இரண்டு எலும்பும் ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டால் அங்கே அசைவதற்கு ஒன்றும் இருக்காது. அசையாவிட்டால் உரசாது, உரசாவிட்டால் வலிக்காது. வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் அந்த விரல் இனி எப்போதும் மடங்காது. அதனால் சப்பாத்து இனிமேல்தான் கட்டாயம். முதலிலேயே போட்டிருந்தால் மூட்டும் இருந்திருக்கும், சப்பாத்தும் இருந்திருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், வேலாயுதம் என்று பெயர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என் சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு முதல் நாளே தொடங்கிவிட்டார்.

"தம்பி, ஒனக்கு விரல் மடங்காது. எனக்கு மடக்குறதுக்கு காலே இல்ல. வா, நாம ரெண்டு பேரும் ஒரு ஜோடி வாங்கிப் பங்கு போட்டுக்குவோம்."

"ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கணும்ணே. ஒத்தையாப் போட்டா இடுப்பு கோணிரும்."

"எனக்கு இனிமே என்னா கோணப்போவுது?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். தட்டின இடத்தில் வலித்திருக்க வேண்டும், முகம் ஒரு நிமிஷம் கோணியது. அவரிடம் ரோலர் கதையைச் சொல்லியிருக்கக்கூடாது. மறுநாள் காலைக்குள் வார்டு முழுக்கப் பரப்பிவிட்டார். கஞ்சி கொண்டு வருகிறவர்கூட, "ரோலர் யாரு?" என்று கேட்டுத்தான் என் கட்டிலுக்கு வந்தார்.

அம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையில் கறையோடு வருவாள். பேசாமல் என் நல்ல காலின் பாதத்தைத் துடைத்துவிடுவாள். குதிகால் வெடிப்பில் எண்ணெய் வைப்பாள். கட்டுப்போட்ட காலைத் தொட மாட்டாள். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். சுபா நேராக வந்து, "அப்பா, ஆணி தெரியுமா? காட்டுங்க" என்று கட்டைப் பிரிக்கப் பார்த்தாள். கௌசி கட்டில் கால்மாட்டில் நின்றாய். டாக்டர் வந்தார். ஆறு வாரத்துக்குக் குதிகாலில் மட்டும்தான் ஊன்ற வேண்டும், பிறகு சப்பாத்தோடு மட்டும்தான் நடை, வேலை உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று சொல்லிக்கொண்டே ஆபீசுக்குப் புதுத் துண்டை எழுதினார்.

"இந்தத் தரம் பிழைச்சா ஆணி உடைஞ்சு போம். எலும்பு ஒட்டாது. பிறகு எனக்கும் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. விளங்குதோ, ரோலர்?"

அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அப்போது நீ முன்னால் வந்தாய். "டாக்டர், பிளீஸ் ரைட் இட் இன் கெப்பிட்டல் லெட்டர்ஸ்" என்றாய்.

டாக்டர் உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது ஆர்?"

"என் மகங்க. மூத்த மக."

"இங்கிலீஷ் வாசிப்பாவோ?"

நான் கட்டுப்போட்ட காலைப் பார்த்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதின துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, பெரிதாக எழுதி உன்னிடம் கொடுத்தார். நீ அங்கேயே நின்று சத்தமாக வாசித்தாய். "ஆர், ஓ, சி, கே, ஈ, ஆர்." வார்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முழுவதையும் வாசித்து முடித்தாய்.

வாங்குவதற்கு நான் கையை நீட்டினேன்.

நீ துண்டை நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்தாய்.

"நீங்க வச்சிருங்கம்மா. அப்பாகிட்ட குடுத்தா வீட்டுக்குப் போறதுக்குள்ள ரோலர் ஆயிரும்."

வேலாயுதம் அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு வார்டே சிரித்தது, சுபா சிரித்தாள், டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா துண்டை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நான் காலுக்கு அடியில் இருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.